மரண வீட்டு வாசலில் கமெரா



'செய்தியும் மனிதத் துயரமும்' என்ற தலைப்பில் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். என் பேச்சு முழுவதும் ஒரே ஒரு கேள்வியைச் சுற்றித்தான் இருக்கும். ஒரு மனிதனின் துயரத்தைச் செய்தியாக்கும்போது, அதை யாருக்காகச் செய்கிறோம்? இழந்தவருக்காகவா? உண்மைக்காகவா? அல்லது பார்த்துப் பரபரப்படையக் காத்திருக்கும் கண்களுக்காகவா?

இந்தக் கேள்வியைக் கொழும்பில் ஒரு கருத்தரங்கில் கேட்பது எளிது. வாகரைப் பக்கத்துக் கரையோரக் கிராமமான இந்தக் கதிரவெளியில் கேட்பது எளிதல்ல. ஏனென்றால், செய்தியால் வரக்கூடிய இரண்டு அநீதிகளையும் இந்தக் கரையோரம் கண்டிருக்கிறது. உலகம் பார்க்க வேண்டிய வேளையில் எங்களை யாரும் பார்க்கவில்லை. தனியே இருந்து அழ வேண்டிய வேளையில் எங்களை விடாமல் பார்த்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பேசாவிட்டால், ஊடக அறத்தைப் பற்றி இங்கே பேச எனக்கு அருகதை இல்லை.

முதலில், பார்க்கப்படாத துயரத்தைச் சொல்கிறேன்.

2006 நவம்பர் 8. அந்த நாளை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் எனக்கு முன்னால் இருக்கிறீர்கள். சம்பூரிலிருந்தும் மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றுப் பக்கத்திலிருந்தும் ஓடி வந்த மக்கள், வெருகல் ஆற்றைத் தாண்டி வந்து, உங்கள் விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சம் அடைந்திருந்தார்கள். பாடசாலை என்றால் பாதுகாப்பு என்று நம்பினார்கள். அந்தப் பாடசாலை மீது இராணுவத்தின் எறிகணைகள் வந்து விழுந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் இருந்தார்கள். காயப்பட்டவர்கள் வாகரை வைத்தியசாலையை நிறைத்தார்கள்.

புலிகள் அங்கிருந்து தாக்கினார்கள், மக்களைக் கேடயமாக வைத்திருந்தார்கள் என்றது அரசாங்கம். வந்து பார்த்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவினர், மக்கள் தஞ்சமடைந்திருந்த அந்த முகாமுக்குள் இராணுவ நிலைகள் எதையும் தாங்கள் காணவில்லை என்றார்கள். இறந்தவர்களின் தொகை ஒவ்வோர் அறிக்கையிலும் ஒவ்வொன்றாக இருந்தது. சுயாதீனச் செய்தியாளர் ஒருவர் நினைத்தவுடன் வாகரைக்கு வந்து, ஆளாளாய்ப் பார்த்து, பெயர் பெயராய்க் கேட்டு எழுதிவிடக்கூடிய காலமாக அது இருக்கவில்லை. மறுநாள் கொழும்பில் இந்தப் படுகொலையைக் கண்டித்து நடந்த ஆர்ப்பாட்டத்தில் நின்றவர்களுள் ஒருவர் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ். அதற்கு அடுத்த நாள், நவம்பர் 10ஆம் திகதி, அவரும் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைப்புச் செய்தி மாறிவிட்டது. கதிரவெளி பின்பக்கத்துக்குப் போய்விட்டது.

ஆகவே, 'துயரத்தைக் காட்டாதீர்கள், படம் எடுக்காதீர்கள், எங்களை விட்டுவிடுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு நான் இந்த மேடையை விட்டு இறங்க முடியாது. அப்படிச் சொன்னால் அந்தச் சொல் யாருக்கு உதவும்? கொன்றவனுக்குத்தான் உதவும். மறைக்க விரும்புகிறவனுக்குத்தான் உதவும்.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. வெருகல் ஆற்றைக் கடந்து திருகோணமலைக்கே போவோம். அதே 2006ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி. கடற்கரையில் நின்ற ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்து இறந்தார்கள் என்று பாதுகாப்புத் தரப்பு முதலில் கதை சொன்னது. சுப்பிரமணியம் சுகிர்தராஜன் என்ற செய்தியாளர் பிரேத அறைக்குள் போனார். அந்தப் பிள்ளைகளின் உடல்களைப் படம் எடுத்தார். தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் இருந்ததை அந்தப் படங்கள் காட்டின. 'சுடரொளி' அவற்றை வெளியிட்டது. குண்டு வெடித்த கதை நிற்கவில்லை. அந்த மாதம் 24ஆம் திகதி சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் எடுத்தவை இறந்தவர்களின் படங்கள்தான். பார்க்கவே மனம் பதறும் படங்கள்தான். ஆனால் அவற்றைப் பரபரப்பு என்று யாராவது சொல்ல முடியுமா? அவர் யாருக்காக அந்த அறைக்குள் போனார்? பேச முடியாமல் கிடந்த ஐந்து பிள்ளைகளுக்காகப் போனார். பொய் சொல்லப்பட்ட ஐந்து குடும்பங்களுக்காகப் போனார். அதற்கு விலையாகத் தன் உயிரையே கொடுத்தார். இறந்த உடலின் படம் எப்போது நியாயமாகும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அந்தப் படம் இல்லாவிட்டால் ஒரு பொய் வென்றுவிடும் என்ற நிலை இருக்க வேண்டும். இழந்தவர்களின் பக்கம் நின்று அதை எடுத்திருக்க வேண்டும்.

இனி மறுபக்கத்துக்கு வருகிறேன். விடாமல் பார்க்கப்பட்ட துயரம்.

2004 டிசம்பர் 26. சுனாமியாய்க் கடல் வந்து போன நாள். இந்தக் கரையில் அதை யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அன்று கல்முனையில் இடிபாடுகளுக்கு இடையிலிருந்து ஒரு கைக்குழந்தை உயிரோடு மீட்கப்பட்டது. கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டு வந்தார்கள். அன்று சேர்க்கப்பட்டவர்களில் எண்பத்தோராவது ஆள் என்பதால் ஊழியர்கள் 'பேபி 81' என்று குறித்தார்கள். அந்தப் பிள்ளையின் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அவர் இன்று வளர்ந்த இளைஞர். தன் பெயரை எங்கே சொல்வது, எங்கே சொல்லாமல் விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை அவருடையது.

அந்தக் குழந்தையைத் தேடி உலகத்துச் செய்தியாளர்கள் வந்தார்கள். ஒன்பது குடும்பங்கள் ஒரே குழந்தைக்கு உரிமை கோருகின்றன என்று செய்தி பரவியது. ஒன்பது தாய்மார், ஒரு குழந்தை! எவ்வளவு கவர்ச்சியான கதை! நாடு நாடாக அதை அச்சிட்டார்கள், ஒளிபரப்பினார்கள். உண்மை என்ன தெரியுமா? முறைப்படி உரிமை கோரியவர்கள் ஒரே ஒரு தம்பதி. அந்தப் பிள்ளையைப் பெற்ற தாயும் தகப்பனும் மட்டுந்தான்.

அவர்களுடைய பத்திரங்களைக் கடல் கொண்டுபோய்விட்டது. பெற்ற பிள்ளையைக் கையில் வாங்குவதற்கு அவர்கள் நீதிமன்றம் ஏறி, மரபணுப் பரிசோதனை வரை போக வேண்டியிருந்தது. 2005 பெப்ரவரி நடுப்பகுதியில் முடிவு வந்தது. பிள்ளை தாயிடம் சேர்ந்தது. அதோடு விட்டார்களா? சில வாரங்களில் நியூயோர்க்கில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அந்தக் குடும்பத்தை அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தபோது, 'அமெரிக்கா போய் வந்தவர்களுக்குப் பணம் கிடைத்திருக்கும்' என்று ஊர் பேசியது. உதவியும் ஆதரவும் தங்களை விட்டு விலகியதாக அந்தப் பெற்றோர் பின்னாளில் வருந்திச் சொன்னார்கள்.

கேட்டீர்களா? கடலிலிருந்து தப்பிய குடும்பம் செய்தியிலிருந்து தப்பவில்லை. அந்த ஒன்பது தாய்மார் யாருக்குத் தேவைப்பட்டார்கள்? பிள்ளைக்கா? பெற்றவளுக்கா? கல்முனை மக்களுக்கா? ஒருவருக்கும் இல்லை. கதைக்குத்தான் தேவைப்பட்டார்கள். ஒரு தாய் தன் பிள்ளையைக் கேட்கிறாள் என்பது உண்மை. ஆனால் அந்த உண்மை போதுமான அளவு பரபரப்பாக இல்லை.

இந்த இடத்தில் ஓர் இளம் செய்தியாளர் என்னிடம் கேட்கலாம். 'ஐயா, எது சாட்சியம், எது பரபரப்பு என்று களத்தில் நின்றுகொண்டு நான் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆசிரிய பீடத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அழைப்பு வருகிறதே!'

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் வெளிநாட்டுப் பாடநூலில் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில், எங்கள் வளவுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு செத்த வீட்டுக்கு நாங்கள் எப்படிப் போகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். படலைக்குள் நுழையும்போதே குரல் தாழ்ந்துவிடுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறோம். பெண்கள் தாயின் பக்கத்தில் போய் இருக்கிறார்கள், கையைப் பிடிக்கிறார்கள். எவரும் அந்தத் தாயிடம், 'எப்படி நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது' என்று கேட்பதில்லை. தெரிந்துகொள்ள வேண்டியதை, வெளியே கொட்டகையில் நிற்கும் மாமனிடமோ சித்தப்பாவிடமோ மெதுவாகக் கேட்டுக்கொள்கிறோம். அவள் தானாகச் சொல்லத் தொடங்கினால், இடையில் மறிக்காமல் முழுவதும் கேட்கிறோம். அன்றோடு விட்டுவிடுவதும் இல்லை. எட்டுக்குப் போகிறோம், முப்பத்தொன்றுக்குப் போகிறோம்.

இதைவிட மேலான ஊடக ஒழுக்கக் கோவை ஒன்று இருக்கிறதா? குரலைத் தாழ்த்து. அருகில் இரு. உடைந்து போனவரிடம் கேட்காதே, பேசக்கூடியவரிடம் கேள். தானாகச் சொன்னால் முழுவதும் கேள். பிறகும் போ. எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் ஆச்சிமார் கைக்கொண்ட இந்த ஒழுக்கத்தை, கையில் ஒலிவாங்கி வந்தவுடன் நாங்கள் ஏன் மறந்துவிடுகிறோம்? பிணம் வீட்டை விட்டு எடுக்கப்படும் முன்பே, கதறி அழும் தாயின் வாய்க்கு நேரே அதை நீட்டி, 'அம்மா, இப்ப உங்கட மனநிலை எப்படி இருக்கு?' என்று கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கு என்ன பதிலை எதிர்பார்க்கிறோம்? பதில் எங்களுக்குத் தேவையில்லை. அழுகைதான் தேவை. அதுதான் இதில் உள்ள கொடுமை.

இந்த நாட்டுப் பத்திரிகை ஆசிரியர் சங்கத்துக்கும் ஓர் ஒழுக்கக் கோவை உண்டு. துயரத்திலும் அதிர்ச்சியிலும் இருப்பவர்களைப் பரிவோடும் நிதானத்தோடும் அணுக வேண்டும் என்பது அதில் உள்ள கருத்து. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது ஒழுக்கக் கேடு மட்டுமல்ல, சட்டப்படி குற்றம். 1995ஆம் ஆண்டு தண்டனைச் சட்டக் கோவைக்குக் கொண்டுவந்த திருத்தம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. கோவை இருக்கிறது, சட்டம் இருக்கிறது. நடந்தது என்ன?

2015 மே மாதம். புங்குடுதீவில் பாடசாலைக்குப் புறப்பட்ட ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டு, கொடூரமாகக் கொல்லப்பட்டாள். அவளுடைய பெயர் உங்கள் எல்லோருக்கும் தெரியும். சொல்லாமலே தெரியும். அதுதான் நான் சுட்டிக்காட்ட விரும்பும் குற்றம். எங்களுக்கு அந்தப் பெயர் எப்படித் தெரிந்தது? சீருடை அணிந்த அவளுடைய படம் எப்படி எங்கள் கைத்தொலைபேசிக்குள் வந்தது? உயிரோடு இருந்தவளின் படத்தோடு நின்றதா? உயிரற்ற உடலின் படமும் கைக்குக் கை போனது. அனுப்பியவர்கள் கொலைகாரர்கள் அல்ல. கோபத்தோடு அனுப்பினார்கள், கண்ணீரோடு அனுப்பினார்கள், நீதி வேண்டும் என்று எழுதி அனுப்பினார்கள். நோக்கம் நல்லதாக இருந்தாலும், அந்தப் பிள்ளைக்கு அவளுடைய கண்ணியம் திரும்பிக் கிடைத்ததா? அவளுடைய தாய் அந்தப் படத்தை எத்தனை தடவை காண நேர்ந்திருக்கும்? 2017 செப்டெம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சாட்சியத்தால் வந்தது, விசாரணையால் வந்தது. நாங்கள் பரப்பிய படத்தால் வந்ததல்ல.

அன்பர்களே, அத்துமீறல் ஒரு பக்கம் என்றால் பொய் இன்னொரு பக்கம். பரபரப்பு எப்போதும் பொய்யோடு கைகோத்துத்தான் நடக்கும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, பிள்ளைகள் பலர் உட்பட எங்கள் உறவுகள் மாண்டார்கள். அந்தத் துயரம் ஆறும் முன்பே, அடுத்த மாதம் 23ஆம் திகதி, ஒரு சிங்கள நாளிதழின் முதற்பக்கத்தில் ஒரு செய்தி வந்தது. ஒரு முஸ்லிம் மருத்துவர் நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்று எழுதினார்கள். குருநாகல் வைத்தியசாலையில் பணியாற்றிய ஒரு மருத்துவர் கைதானார். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்துவிட்டு, அதற்கு ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஆனால் முதற்பக்கத்தில் வந்த பொய்யை மறுநாள் ஒரு சிறு திருத்தம் கழுவிவிடுமா? ஒரு மருத்துவரின் பெயர் கெட்டது. ஒரு சமூகமே சந்தேகத்தோடு பார்க்கப்பட்டது. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் இந்த மாவட்டத்தில், ஒரு பொய்த் தலைப்பு என்ன செய்யும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, குற்றம் முழுவதையும் ஊடகத்தின் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாமா? போக முடியாது. ஏனென்றால் இந்தச் சரக்கை வாங்குகிறவர்கள் நாங்கள்.

மூத்தவர்களுக்கு நினைவிருக்கும், அல்லது தகப்பன் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன் என்ற இருவரும் தமிழ்த் திரையில் உச்சத்தில் இருந்த காலம். சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் முதலில் 'சினிமா தூது', பிறகு 'இந்துநேசன்' என்று பத்திரிகை நடத்தினார். நடிகர், நடிகைகள், பெரிய மனிதர்களின் அந்தரங்கம்தான் அதன் முதலீடு. 1944 நவம்பர் 8ஆம் திகதி வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள், தண்டனை பெற்றார்கள், மேல்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல்தான் விடுதலையானார்கள். பாகவதரின் திரைவாழ்வு பிறகு பழைய உயரத்துக்கு எழவே இல்லை. ஒருவர் உயிரிழந்தார், இருவர் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். அந்தப் பத்திரிகை எதனால் வாழ்ந்தது? காசு கொடுத்து வாங்கி, மறைத்து வைத்துப் படித்தவர்களால் வாழ்ந்தது. வாங்குபவர் இல்லாவிட்டால் லட்சுமிகாந்தன் எழுதியிருப்பாரா?

அது அந்தக் காலம் என்று சொல்லிவிட முடியாது. 2019 ஒக்டோபரில் திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில், இரண்டு வயதுப் பாலகன் ஒருவன் ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்தான். 25ஆம் திகதி மாலை தொடங்கி 29ஆம் திகதி அதிகாலையில் உடல் எடுக்கப்படும் வரை, தமிழ்த் தொலைக்காட்சிகள் அந்தக் குழியின் வாயை விட்டு அகலவில்லை. பிள்ளை பிழைக்க வேண்டும் என்று எல்லோரும் மன்றாடினோம், அது உண்மை. ஆனால் மூடப்படாத ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றி அந்த அலைவரிசைகள் அதற்கு முந்திய மாதம் எத்தனை மணி நேரம் பேசின? ஒரு பிள்ளை விழுந்த பிறகு நாட்கணக்கில் காட்டிய அக்கறையில் சிறு பங்கை முன்பே காட்டியிருந்தால், அந்தக் கிணறு திறந்து கிடந்திருக்குமா?

வாசகர் நினைத்தால் முடியும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தில் 'நியூஸ் ஒப் த வேர்ல்ட்' என்று ஒரு வாரப் பத்திரிகை 168 ஆண்டுகள் ஓடியது. கொலையுண்ட ஒரு பள்ளிச் சிறுமியின் தொலைபேசிக் குரற்பதிவுகளை அந்தப் பத்திரிகையார் களவாகக் கேட்டார்கள் என்ற செய்தி 2011 ஜூலையில் வெளிவந்தது. மக்கள் கொதித்தார்கள். விளம்பரம் கொடுத்தவர்கள் விலகினார்கள். அதே மாதம் 10ஆம் திகதி கடைசி இதழோடு பத்திரிகை மூடப்பட்டது. சட்டம் தீர்ப்புச் சொல்லும் முன்பே வாசகர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

இன்று உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பத்திரிகை இருக்கிறது. திருகோணமலை வீதியில் மோட்டார் சைக்கிள் விபத்து நடந்தால், பொலிஸ் வருவதற்கு முன் படம் வட்ஸ்அப்பில் வருகிறது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், தன் தம்பி இறந்ததை வீட்டார் சொல்லி அறியும் முன், தெருவில் கிடக்கும் உடலைக் கைத்தொலைபேசியில் காண்கிறான். அனுப்பியவர் யார்? எங்கள் பிள்ளைகளில் ஒருவர்தான். மாணவச் செல்வங்களே, உங்களை நான் கடிந்துகொள்ள வரவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். விரல் அந்தப் பொத்தானுக்குப் போகும்போது, 'இது என் அக்காவாக இருந்தால் அனுப்புவேனா?' என்று உங்களை நீங்களே கேளுங்கள். அனுப்ப மாட்டேன் என்றால், அழித்துவிடுங்கள். முதலில் காயப்பட்டவரைத் தூக்குங்கள்.

தாய்மாரே, பெரியோரே, உங்களுக்கும் சில உரிமைகள் உண்டு. செய்தியாளர் வந்தால், 'நீங்கள் யார், எந்த ஊடகம், இந்தப் படம் எங்கே வரும்?' என்று கேட்கும் உரிமை உங்களுடையது. இன்று வேண்டாம், பிறகு வாருங்கள் என்று சொல்லும் உரிமை உங்களுடையது. என் பிள்ளையின் முகத்தைக் காட்டாதீர்கள் என்று சொல்லும் உரிமை உங்களுடையது. பத்திரிகை தவறாக எழுதிவிட்டால், 2003ஆம் ஆண்டு முதல் இயங்கும் இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கு எழுதும் உரிமையும் உங்களுடையது. ஒரு நிவாரணப் பொதி தருகிறவரும் ஒரு கமெராவோடு வருகிறவரும் சேர்ந்து வந்தால், பொதிக்கு விலையாக உங்கள் கண்ணீரைக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வறியவருக்கும் அந்தரங்கம் உண்டு. ஓலை வீட்டுக்கும் கதவு உண்டு.

என் சக ஊடகவியலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஊருக்கு நவம்பரில் மட்டும் வராதீர்கள். டிசம்பர் 26இல் மட்டும் வராதீர்கள். ஒரு மே மாதத்தில் வாருங்கள், ஒரு ஓகஸ்ட்டில் வாருங்கள். எறிகணையில் கால் இழந்தவர் இன்று என்ன தொழில் செய்கிறார் என்று கேளுங்கள். தகப்பனை இழந்த பிள்ளை எதுவரை படித்தது என்று கேளுங்கள். கடலும் களப்பும் காடும் சூழ்ந்த இந்தப் பிரதேசத்துக்கு வைத்தியர் வருகிறாரா, ஆசிரியர் நிற்கிறாரா, பஸ் ஓடுகிறதா என்று எழுதுங்கள். அதில் பரபரப்பு இருக்காது. ஆனால் உங்கள் எழுத்தால் ஒரு வேலை நடக்கும். விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் இறந்தவர்களை எண்ணிக்கையாக எழுதியது போதும். குடும்பத்தாரின் சம்மதம் பெற்று, ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் வயதையும் சரிபார்த்து எழுதுங்கள். அந்த நாள் எப்படி நடந்தது, யார் பொறுப்பு என்று விடாமல் கேளுங்கள்.

அவர்கள் வரும் வரை நீங்கள் காத்திருக்கவும் வேண்டாம். இந்த ஊரின் படித்த பிள்ளைகள் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். சொல்ல விரும்புகிறவர்களிடம் கேட்டு எழுதுங்கள். சொல்ல விரும்பாதவர்களுக்குப் பக்கத்தில் சற்று நேரம் இருந்துவிட்டு வாருங்கள். எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டி, சரியா என்று கேளுங்கள். கதிரவெளியின் கதையை முதலில் கதிரவெளி எழுதட்டும். அதை எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்று கதிரவெளியே முடிவு செய்யட்டும்.